எரிந்தால் நலம், அணைந்தால் வா

என் அக்காவுக்குக் காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு, நாங்கள் விடிந்தால் பொழுது போனால் சண்டை போடுகிற குடும்பம் என்று நினைத்துக்கொள்வீர்கள். பதினோரு வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. தன் குரல் தனக்கே கேட்காததால் அவள் ரகசியம் சொன்னாலும் தெரு முனை வரைக்கும் போகும். ஒருமுறை மருத்துவமனை வரிசையில், "அந்த ஆளு நமக்குப் பின்னாடி வந்தவர்தானே, எப்படி முன்னாடி போனார்?" என்று என் காதோரம் கிசுகிசுத்தாள். அந்த ஆள் தானாகவே வந்து எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மற்றவர் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அதில் சில சிக்கல் உண்டு. ப-வும் ம-வும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். "இதைப் படி" என்று ஒரு தாளை நீட்டினால் நாலாக மடித்துத் திருப்பிக் கொடுப்பாள். "மடின்னுதானே சொன்னே?" என்பாள். கோபித்துக்கொள்ளவும் முடியாது, மடிப்பு அவ்வளவு நேர்த்தியாக இருக்கும்.

அவளுக்குத் தையல் தொழில். வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டி மிஷின் போட்டிருக்கிறாள். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, இடுப்பு பெருத்துப்போனவர்களின் கால்சட்டை எல்லாம் அவளிடம்தான் வரும். முன்னறைக்குப் பின்னால் ஒரு நடை, நடைக்கு இடப்பக்கம் அடுப்படி, கடைசியில் அப்பாவின் அறை. நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பொறுமை வேண்டிய தொழில் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை என் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருப்பதால் பொறுமை தேவைப்பட்டதில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அப்பாவைப் பக்கவாதம் தாக்கியது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர், வாய் ஓயாத மனிதர். அக்காவுக்குக் காது போன புதிதில் தினமும் வேலை விட்டு வந்ததும் அவளை எதிரில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் மெதுவாகப் பேசுவார். செய்தித்தாளில் வந்த கொலை, கொள்ளை, சோப்பு விளம்பரம் எல்லாம் அதில் உண்டு. அவருடைய உதட்டைப் பார்த்துத்தான் அவள் இரண்டாம் முறையாகப் பேச்சைக் கற்றுக்கொண்டாள். அந்த உதடு இப்போது அசைவதில்லை. அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. காலையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து செய்தித்தாளை அவள் படித்துச் சொல்வாள், தெருவே கேட்கும்.

அக்காவைக் கூப்பிட அப்பாவிடம் இருந்த ஒரே வழி துண்டு. இடது கையால் சுருட்டி நடைக்கு எறிவார். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவர் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தார். துண்டு கைக்கு எட்டவில்லை. தரையைத் தட்டினார், கட்டில் காலைத் தட்டினார். இருபதடி தள்ளி அக்கா ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள், முதுகு அவர் பக்கம். மருந்து கொடுக்கிற நேரத்துக்கு உள்ளே போனபோதுதான் பார்த்தாள். அதற்குள் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவருடைய விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

அவள் இதை மறைத்திருக்கலாம், அப்பா யாரிடமும் சொல்லப்போவதில்லை. அவளோ என்னை வரச்சொல்லி, எங்கள் அண்ணனை வீடியோவில் அழைக்கவைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அண்ணன் வேறு ஊரில் பெரிய கிடங்கு ஒன்றை நிர்வகிக்கிறவர். எதையும் கணக்காகச் செய்வார், கெட்ட மனிதர் இல்லை. முழுவதையும் கேட்டார். பிறகு என்னிடம், "கூப்பிட்டா கேட்காதவகிட்ட எப்படிடா விட்டு வைக்கிறது? அடுத்த மாசம் முதல் ஞாயிறு வண்டி எடுத்துட்டு வர்றேன். அப்பா என் வீட்டுல இருக்கட்டும். கூடவே ஒரு ஆள் போட்டுடறேன்" என்றார்.

"அதுவும் சரிதாண்ணா" என்றேன் நான்.

என் தோளுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். திரையில் அண்ணன் உதடும் தெரிந்தது, மூலையில் சின்னதாக என் உதடும் தெரிந்தது. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "மூணு வாரம் இருக்கு இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மூலைக்கடை ரேடியோக்காரரிடம் போனாள். ரேடியோ யாரும் கொண்டுவருவதில்லை, இப்போது கைபேசியும் மின்விசிறியும்தான் பழுது பார்க்கிறார், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்லவர்தான், ஆனால் மீசை மேலுதட்டை முழுக்க மூடிவிடும். அவர் பேசினால் அக்காவுக்கு ஒரு எழுத்துகூட விளங்காது. "புதருக்குள்ள இருந்து பேசறார்" என்று அவர் முன்னாலேயே என்னிடம் ரகசியம் சொன்னாள். எனவே வேண்டியதை எழுதிக் காட்டினாள்: அப்பா அமுக்கினால் எனக்குத் தெரிகிற விளக்கு. அவர் ஒரு அழைப்பு மணியை எடுத்து மேஜையில் வைத்தார். நான் அவரை முறைத்தேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு மணியை எடுத்து உள்ளே வைத்தார்.

"நானே செஞ்சு தந்துடறேன்" என்றார் பிறகு. நான் திருப்பிச் சொன்னேன். அக்கா தலையாட்டவில்லை. "கெட்டுப்போனா ஒவ்வொரு தடவையும் இவர்கிட்டயா ஓடி வர முடியும்? சாமான் மட்டும் குடுக்கச் சொல்லு" என்றாள்.

நெல் மணியைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்பு எல்இடி விளக்கு ஆறு, நாலு பேட்டரி போடுகிற டப்பா, ஒயர், ஒரு பிடி ரெசிஸ்டர். கரண்டை மட்டுப்படுத்தி விளக்கு கருகாமல் காப்பதற்கு ரெசிஸ்டர் என்று ரேடியோக்காரர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அது எதற்கு என்று ஒரு விளக்கை நேராகப் பேட்டரியில் வைத்துப் பார்த்தாள். பளிச்சென்று ஒரு நொடி எரிந்து கருகிவிட்டது. "சரி, எழுதினது உண்மைதான்" என்று மிச்சம் ஐந்தையும் பத்திரப்படுத்தினாள்.

ஸ்விட்ச்தான் பிரச்சினையாக இருந்தது. கடையில் கிடைத்ததெல்லாம் அப்பாவின் விரலுக்குச் சின்னது, அல்லது கெட்டி. நாலு நாளில் ஏதோ செய்து முடித்தாள். அமுக்கினால் மிஷின் ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு, அடுப்புக்கு மேலே ஒரு சிவப்பு. அவள் கண் எப்போதும் அந்த இரண்டு இடத்தில்தான் இருக்கும். நானே அசந்துபோனேன். அண்ணனை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினோம்.

அண்ணன் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பேட்டரி தீர்ந்து போச்சுன்னா?"

அதை அக்கா யோசித்திருக்கவில்லை. அப்பா அமுக்கிக்கொண்டே இருப்பார், விளக்கு எரியாது, அவளும் ஒன்றும் தெரியாமல் தைத்துக்கொண்டிருப்பாள். மறுபடியும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான். அவள் முகம் அப்படியே சுண்டிப்போய்விட்டது.

அடுத்த நாள் காலை போனால் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருக்கிறாள். வெறுத்துப்போய் விட்டுவிட்டாளோ என்று நினைத்தேன். அவளோ மிஷினில் உட்கார்ந்து என்னை அருகில் இழுத்தாள்.

"இங்க பாரு. அடிநூல் தீர்ந்தா என்ன ஆகும்? மேல இருக்கறவளுக்குத் தெரியாது. ஊசி பாட்டுக்கு ஏறி இறங்கும். முழம் முழமா ஓட்டிட்டு எடுத்துப் பார்த்தா ஒரு தையலும் இருக்காது. மேல்நூல் அறுந்தா? மூக்குக்கு முன்னாடி அறுந்து தொங்கும். நான் செஞ்ச விளக்கு அடிநூல் மாதிரி ஆயிடுச்சு. அதான் தப்பு."

"அதுக்கு?"

"விளக்கு எப்பவும் எரியட்டும். அப்பா அமுக்கினா அணையட்டும். பேட்டரி தீர்ந்தாலும் அணையும். ஒயர் அறுந்தாலும் அணையும். எது ஆனாலும் நான் எழுந்து போய்ப் பார்ப்பேன் இல்ல?"

துணி வெட்டுகிற மேஜையில் தையல் சாக்பீஸால் எழுதியும் வைத்திருந்தாள்: எரிந்தால் நலம், அணைந்தால் வா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் காரில் ஸ்டியரிங் பிடிக்கிற பட்டதாரிகள் எத்தனை பேருக்கு இந்த யோசனை வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்திருக்காது, அது நிச்சயம்.

அமுக்கினால் பிரிகிற ஸ்விட்சும் அவளுக்கு வீட்டிலேயே கிடைத்தது. துணி உலர்த்துகிற கிளிப். சும்மா இருந்தால் வாய் மூடியிருக்கும், பின்பக்கம் அமுக்கினால் திறக்கும். அதன் இரண்டு தாடையிலும் சட்டைக்கு வைக்கிற உலோக பிரஸ் பட்டனைப் பாதிப் பாதியாக ஒட்டி, ஒயரைச் சுற்றினாள். வாய் மூடியிருக்கும்வரை பட்டன்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கரண்ட் போகும், திறந்தால் போகாது. ஸ்பிரிங் அப்பாவுக்குக் கடினமாக இருந்தது. அதைக் குறடால் வளைத்து வளைத்து இளக்கினாள். அப்போதும் அவரால் மூன்று எண்ணும்வரைதான் அமுக்கிப் பிடிக்க முடிந்தது, பிறகு விரல் தானாக விட்டுவிடும். "மூணு போதும்" என்றாள். கைநழுவிப் போகாமல் இருக்க உள்ளங்கையோடு எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிட்டாள். இரவுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. அவள் அப்பாவின் அறையிலேயே படுத்து, அவர் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் ஒரு நாடாவால் கட்டிக்கொள்வாள்.

எல்லாம் சரியாக வந்தது என்று மூச்சு விட்டோம். நாலாவது நாள் விளக்கு மங்கி அணைந்தது. பேட்டரி காலி.

எப்போதும் எரிகிற விளக்கு எப்போதும் தின்றுகொண்டுதானே இருக்கும்! நாலு நாளைக்கு ஒருமுறை நாலு பேட்டரி என்றால் அண்ணன் ஒப்புக்கொள்வாரா? ரேடியோக்காரரிடம் கேட்டால், "எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு அளந்து பாருங்க, அப்புறம் ரெசிஸ்டரை மாத்துங்க" என்று சொல்லித் தன் மீட்டரை இரவலாகக் கொடுத்தார். சின்ன மஞ்சள் மீட்டர், சிவப்பு, கறுப்பு என்று இரண்டு குச்சி. பேட்டரியில் தோராயமாக ரெண்டாயிரம் மில்லி ஆம்பியர் மணி இருக்கும், இழுக்கிற கரண்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தெரியும் என்றும் எழுதிக் கொடுத்தார்.

எப்படி அளப்பது என்பதை அவரால் எழுதி முடிக்க முடியவில்லை, கடையில் கூட்டம். கைபேசியில் ஒரு வீடியோ தேடினோம். அதில் இரண்டு கை மட்டும்தான் தெரிந்தது, முகம் இல்லை. முகம் இல்லாத வீடியோ அக்காவுக்கு வெறும் கையாட்டம். ஆகவே நான் கேட்டு எழுதித் தர வேண்டும் என்று ஆனது. எனக்கோ வெளியே காரில் ஒரு மாணவர் காத்திருந்தார். வீடியோக்காரர் வளவளவென்று பேசினார். முதலில் வோல்ட் அளப்பது பற்றி. பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே மீட்டரை வைக்க வேண்டுமாம். எழுதினேன். அடுத்தது கரண்ட். "கரண்ட் போற வழியில, குறுக்கே மீட்டர் நிக்கணும்" என்றார். அதே சங்கதிதானே என்று, "கரண்டுக்கும் அப்படியே, குறுக்கே" என்று கிறுக்கி, "படி" என்று நீட்டிவிட்டு ஓடிவிட்டேன். அவள் மடித்தாள் என்பதையும் பார்த்துக்கொண்டேதான் ஓடினேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் மீட்டர் செத்துக் கிடக்கிறது. நான் எழுதியபடி வோல்ட்டை அளந்திருக்கிறாள், ஆறு என்று காட்டியிருக்கிறது. பிறகு நான் எழுதியபடியே மீட்டரின் குமிழைக் கரண்டுக்குத் திருப்பி, அதே இரண்டு முனையிலும் குச்சியை வைத்திருக்கிறாள். நாலு பேட்டரியின் மொத்தக் கரண்டும் மீட்டருக்குள் பாய்ந்து உள்ளே இருந்த ஃபியூஸ் போய்விட்டது. இரவல் பொருள் வேறு. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த வீடியோக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். குற்றவாளி நான்தான் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் அவ்வளவு சத்தம். அக்கா என் சத்தத்தைக் கேட்கிற நிலையில் இல்லாததால் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். மிஷினுக்கான சின்ன திருப்புளியால் மீட்டரைத் திறந்து, கருகிய கண்ணாடிக் குழலை ஏற்கனவே வெளியே எடுத்து வைத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அவர் குறுக்கேன்னா சொன்னார்?"

"ஆமா."

"எந்தக் குறுக்கே?"

எனக்குப் புரியவில்லை. "குறுக்கேன்னா குறுக்கேதான். அதுல என்ன எந்த?"

"தெருவுல நான் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போனா தெருவுக்குக் குறுக்கே போறேன். நீ காரை ஓட்டிட்டு வரும்போது ஒருத்தர் வழியை மறிச்சு நின்னா அவரும் குறுக்கேதான் நிக்கிறார். ரெண்டும் ஒண்ணா?"

நான் வீடியோவை மறுபடி போட்டேன். இந்த முறை அவள் முகத்தைப் பார்த்து, அந்த மனிதர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் சொன்னேன். வழியில, குறுக்கே, நிக்கணும். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு யோசித்தாள்.

"அப்போ மறிச்சு நிக்கிற குறுக்கே. வோல்ட்டுக்கு, மேல வச்சு அளந்தா போதும், துணி மேல நாடா வைக்கிற மாதிரி. கரண்டுக்கு அப்படி இல்ல. நூலை அறுத்து, அறுந்த ரெண்டு முனைக்கும் நடுவுல மீட்டரைக் கோக்கணும். போற கரண்ட் பூரா அது வழியாதான் போகணும். அப்பதானே எண்ண முடியும்?"

மறுநாள் ரேடியோக்காரரிடம் நான்தான் போய் நின்றேன். "இதைச் செய்யாதவங்க யாரு? நானே மூணு தடவை செஞ்சிருக்கேன்" என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டே புது ஃபியூஸ் போட்டுக் கொடுத்தார்.

அளப்பதற்கு ஒயரை வெட்ட வேண்டும். நான் கத்தரியை எடுத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். "அறுந்த இடம் ஏற்கனவே இருக்கே, எதுக்கு வெட்டறே?" என்று அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அமுக்குங்க."

அப்பா கிளிப்பை அமுக்கினார். வாய் திறந்தது, விளக்குகள் அணைந்தன. திறந்த வாயின் மேல் பட்டனில் சிவப்புக் குச்சி, கீழ்ப் பட்டனில் கறுப்புக் குச்சி. நடையில் நின்று பார்த்த நான் வாயைப் பிளந்தேன். கிளிப் திறந்திருக்கிறது, அடுப்பு மேல் விளக்கு எரிகிறது! கரண்ட் மீட்டருக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது. மீட்டரில் இருபத்திரண்டு என்று காட்டியது. மூன்று எண்ணுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

மேஜையில் சாக்பீஸ் ஓடியது. ரெண்டாயிரத்தை இருபத்திரண்டால் வகுத்தால் தொண்ணூறு மணி, மூன்றே முக்கால் நாள். நாலாவது நாள் அணைந்ததற்குச் சரியாக இருந்தது. அந்தக் கணக்கு பொருந்தியபோது அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் எப்படிச் சொல்வது! ஒரு பெரிய ரெசிஸ்டரைப் போட்டு மறுபடி அளந்தாள். பதினொன்று. இன்னும் பெரியது, நாலு. ஒவ்வொரு தடவையும் அப்பா அமுக்கினார். எட்டு மாதத்தில் அவரை யாரும் ஒரு வேலை செய்யச் சொன்னதில்லை. அன்று மதியம் முழுக்க அவருக்கு வேலை இருந்தது, அதைச் சிரத்தையாகச் செய்தார், அச்சுப் பிழை பார்க்கிற அதே முகத்தோடு. கடைசியில் மீட்டர் ஒன்று புள்ளி பூஜ்ஜியம் ஏழு என்றது. விளக்கு மங்கல்தான், ஆனால் ஊசிக்கு அரை சாண் தூரத்தில் இருக்கிற விளக்குக்கு அது போதும். சுற்றிலும் ஒரு துண்டு கறுப்புத் துணியை நிழலுக்காக வைத்துத் தைத்தாள்.

"எழுபத்தெட்டு நாள் ஓடும். நான் அறுபதாம் நாளே மாத்திடுவேன்" என்றாள். நான் என் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "வேலையைக் கெடுக்காதே, ஊசி இருக்கு" என்றாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அண்ணன் வந்தார். பெரிய வண்டி, படுக்கவைத்துக் கொண்டுபோகும்படி இருக்கை மடித்துப் போட்டிருந்தது. ஓட்டுநர் வெளியே நின்றார். அண்ணன் அப்பாவின் கன்னத்தைத் தடவினார், காப்பி குடித்தார், பிறகு விளக்கைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் அறைக்குப் போய், கட்டிலுக்குக் கீழே இருந்த டப்பாவிலிருந்து ஒரு பேட்டரியை ஓசைப்படாமல் உருவினார். ஓசைப்பட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, பாவம், பழக்கதோஷம்.

நான் ஆறு எண்ணினேன். அடுப்படியிலிருந்து அக்கா வந்து அறை வாசலில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், அவர் சும்மா இருந்தார். அண்ணன் கையைப் பார்த்தாள்.

"வெளியூர்ல இருந்து வந்து என் பேட்டரியைத் திருடறியாண்ணா?"

அண்ணன் சிரித்துவிட்டார். பேட்டரியைத் திரும்பப் போட்டு, ஒயரைக் கையால் நீவிப் பார்த்து, மேஜையில் அழியாமல் இருந்த கணக்கையும் படித்தார். தன் கிடங்கில் இப்படி யோசிக்கிற ஆள் ஒருத்தரும் இல்லை என்று என்னிடம் சொன்னார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

"விளக்கு நல்லா இருக்குடா. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அவர் மறுபடி விழுந்தா இவ ஒருத்தியா தூக்க முடியுமா? அங்க ஆள் இருக்கு, டாக்டர் பக்கத்துல இருக்கார். அவளுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா? நான் ரூம் எல்லாம் தயார் பண்ணிட்டேன்."

நியாயமாகத்தான் பேசினார், அதுதான் கஷ்டம். இந்த முறை நான் "சரிதாண்ணா" என்று சொல்லவில்லை. "அவளைக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். அக்கா எங்கள் இருவர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"அப்பாகிட்ட கேளுங்க" என்றாள்.

"அவர் எப்படிம்மா சொல்வார்?"

அவள் முன்னறைக்குப் போய்விட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அழுதாள். சத்தம் வருகிறது என்பது அவளுக்குத் தெரியாது. மூன்று வாரம் அவள் போராடியது எல்லாம் வீண் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அந்த அழுகை அவருக்கும் கேட்டது, அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "போகலாம்ப்பா" என்று மெல்லச் சொல்லி, அப்பாவின் உள்ளங்கையில் இருந்த எலாஸ்டிக்கை உருவப் போனார்.

அப்பாவின் விரல்கள் மூடின. கிளிப்பின் வாய் திறந்தது.

"விடுங்கப்பா" என்றார் அண்ணன். அப்பா விடவில்லை. நான் என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தேன். மூன்று தாண்டியது, ஐந்து தாண்டியது. முன்னறையில் அழுகை நின்றது. காலடிச் சத்தம் வந்தது. அக்கா ஒரு கையில் அப்பாவின் சட்டையோடு ஓடிவந்து கட்டிலுக்கு அருகே குனிந்தாள்.

"என்னப்பா? வந்துட்டேன். விடுங்க, கை வலிக்கும்."

அவர் அவளைப் பார்த்தார். விரல்கள் வெளுத்துவிட்டன. பதினைந்து. அவர் கிளிப்பை விடவில்லை. அவள் வந்த பிறகும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இருபதுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.

அக்கா குழம்பிப்போய் எங்கள் பக்கம் திரும்பினாள். "எதுக்கு கூப்பிடறார்? என்ன ஆச்சு?"

அண்ணன் எலாஸ்டிக்கிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். எழுந்து, அவளுக்கு நேராக வந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதடு நன்றாகத் தெரியும்படி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"அப்பா வரலையாம்."